துரத்தியவன் பெயர் என்ன?

1

ஓடிவந்து வாசலில் நிற்கிறவனிடம் நவீன அரசு முதலில் கேட்பது, 'உன்னைத் துரத்தியவன் யார்?' என்ற கேள்வியைத்தான். 1951-இல் ஜெனிவாவில் உருவான அகதிகள் ஒப்பந்தம் இந்தக் கேள்விக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து - இந்த ஐந்தில் ஒன்றின் பொருட்டுத் தான் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவனே அகதி. ஐரோப்பாவில் யூதர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதியவர்கள் இப்படித்தான் எழுதியிருக்க முடியும். அவர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. ஆனால் இந்த விளக்கத்துக்கு அடியில் ஒரு தார்மீக நிலைப்பாடு பேசப்படாமல் கிடக்கிறது. அடைக்கலத்துக்கான உரிமை, வந்தவனுடைய கஷ்டத்திலிருந்து பிறப்பதில்லை; வேறு யாரோ ஒருவனுடைய குற்றத்திலிருந்து பிறக்கிறது என்பதே அது. எதிரியைக் காட்ட முடியாதவனுக்கு அகதி என்ற பெயர் கிடையாது.

பூகம்பத்துக்கு யார்மீதும் விரோதம் இல்லை. மழை பொய்ப்பதற்கு ஒருவனுடைய அரசியல் கருத்து காரணமாக இருப்பதில்லை. ஆகவே இவற்றிலிருந்து தப்பி ஓடுகிறவன் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கிறான். பசிபிக் சமுத்திரத்தில் கடல்மட்டத்துக்குச் சில அடிகளே மேலிருக்கும் கிரிபாட்டித் தீவுகளிலிருந்து நியூசிலாந்துக்குப் போன இயோவானே டெய்டியோட்டாவின் வழக்கு இதை வெட்டவெளிச்சமாக்கியது. கடல் ஏறி வருகிறது, கிணற்று நீர் உப்பாகிவிட்டது, குடியிருக்க நிலம் குறைந்துகொண்டே போகிறது என்றார் அவர். பொய் சொல்கிறார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் உம்மைத் துன்புறுத்துகிறவர் யாருமில்லையே என்றார்கள். 2015-இல் நியூசிலாந்து உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அதே ஆண்டு அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் முறையீட்டின்மீது ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்ன முடிவு 2020 ஜனவரியில் வெளியாயிற்று. பருவநிலை மாற்றம் உயிருக்கே ஆபத்தாகும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது தவறாகலாம் என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்ட குழு, இவர் விஷயத்தில் ஆபத்து இன்னும் அவ்வளவு நெருங்கிவிடவில்லை என்று முடித்தது. அதாவது, தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.

பசிபிக் தீவு நமக்குத் தூரம். ஆனால் இந்தப் பிரச்சினை கொங்கு நாட்டுக்கு நூற்றைம்பது ஆண்டுப் பழையது. நாம்தான் அதை இந்தப் பெயரால் அழைத்ததில்லை.

2

1876-க்கும் 1878-க்கும் இடையே சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்துக்கு இங்கே தாது வருஷத்துப் பஞ்சம் என்று பெயர். கொங்கு நாட்டில் அதைப் பற்றிக் கும்மிப் பாட்டுகளே உண்டு, புலவர் செ. இராசு அவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார். தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலுமாக மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு. சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871-க்கும் 1881-க்கும் இடையே கூடுவதற்குப் பதிலாக லட்சக்கணக்கில் குறைந்தது.

செத்தவர்கள் போக மிஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் நடந்தார்கள். யார் நடந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கிணறும் கவலையும் உள்ள தோட்டக்காரன் கூடிய மட்டும் தாக்குப்பிடித்தான். வானம் பார்த்த மேட்டாங்காடு வைத்திருந்தவன் அடுத்தபடியாக விழுந்தான். நிலமே இல்லாத பண்ணையாளுக்கு முதல் மழை தவறியபோதே படியளப்பது நின்றுபோயிற்று. மேகம் ஜாதி பார்க்காது என்பார்கள். ஆனால் மேகம் இல்லாமற்போனதன் பலன் ஜாதி வரிசையிலேயே வந்து சேர்ந்தது. ஊரைவிட்டு முதலில் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் சேரிகளைச் சேர்ந்தவர்கள்.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மேட்டுப்பாளையத்தைத் தாண்டி நீலகிரிக்கு ஏறுவது. அங்கே காப்பித் தோட்டங்களும் சிங்கோனாத் தோட்டங்களும் ஆள் தேடிக்கொண்டிருந்தன. மற்றது கங்காணிக்குப் பின்னால் கிழக்கும் தெற்குமாக நடந்து, ராமநாதபுரம் கடற்கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதை வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் போவது. சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்து இவ்வழியே போனவர்கள் அதிகம். கோவை ஜில்லாவிலிருந்தும் போனார்கள். வழியில் காலராவிலும் பேதியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு ஏது?

ஒரே சேரியிலிருந்து ஒரே வாரத்தில் கிளம்பிய அண்ணன் தம்பி இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கற்பனைதான், ஆனால் நடந்திருக்கக்கூடியது. அண்ணன் வடமேற்கே நடந்து மலையேறினான். தம்பி தென்கிழக்கே நடந்து கடல் தாண்டினான். இருவரையும் விரட்டியது ஒரே வானம். இருவரும் போய்ச் சேர்ந்தது ஒரே வெள்ளைக்காரத் துரையின் ஜாதியைச் சேர்ந்த துரையிடம். செய்த வேலையும் ஏறக்குறைய ஒன்றே. இருவரும் விக்டோரியா மகாராணியின் பிரஜைகள். அண்ணன் மகன், பேரன், கொள்ளுப்பேரனிடம் இன்றுவரை யாரும் 'நீ எந்த நாட்டான்?' என்று கேட்டதில்லை. தம்பி வம்சத்துக்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு சொத்து சேரவில்லை.

3

இந்த இடத்தில் நம்மிடையே உள்ள மார்க்சிய நண்பர்கள் குறுக்கிடுவார்கள். அவர்கள் குறுக்கீடு நியாயமானது. தாதுப் பஞ்சம் இயற்கை விபத்தா? பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதியை வைஸ்ராய் லிட்டனின் அரசு நிறுத்தவில்லை. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் மகாராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டித் தர்பார் நடத்தினார் லிட்டன். அதே மாதத்தில் அவர் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார அதிகாரி கார்னிஷ், இது மெல்லக் கொல்லும் கூலி என்று வாதாட வேண்டியிருந்தது. ஆகவே துரத்தியது வானம் என்று சொல்லித் துரைமார்களைத் தப்பவிடாதீர்கள் என்பார்கள் நண்பர்கள்.

இந்த வாதத்துக்கு ஐரோப்பாவிலும் பழைய வேர் உண்டு. 1755-இல் லிஸ்பன் நகரத்தைப் பூகம்பம் தரைமட்டமாக்கியபோது, கடவுளின் நீதி எங்கே என்று வால்டேர் கேட்டார். அடுத்த ஆண்டு ரூஸோ அவருக்கு எழுதிய கடிதத்தில், அடுக்கடுக்கான வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே என்று பதில் சொன்னார். இயற்கைச் சீற்றம் என்று நாம் சொல்வதில் மனிதன் கை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது எனலாம். கடல்மட்டம் உயர்வதிலும் அந்தக் கை தெரிகிறது. கிரிபாட்டிக்காரன் எரித்த நிலக்கரி எத்தனை மூட்டை, மற்றவர்கள் எரித்தது எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்த்தால் போதும்.

எனக்கு இதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும். வறட்சிக்குப் பின்னால் டெம்பிளின் முகத்தைக் காட்டிவிட்டால், தாது வருஷத்து மனிதனுக்கு ஓர் எதிரி கிடைத்துவிடுகிறான். அவன் கோரிக்கை செல்லுபடியாகிறது. அதாவது, சட்டம் கேட்ட கேள்விக்கே நாமும் பதில் தேடித் தருகிறோம். குற்றவாளி இருந்தால்தான் உரிமை என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டு, குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்குகிறோம். சரி, கண்டுபிடிக்க முடியாத இடத்தில்? உண்மையிலேயே யார் கையும் இல்லாமல் ஓர் எரிமலை வெடித்தால்? அப்போது அந்த மனிதனை வாசலிலிருந்து அனுப்பிவிடலாமா?

கரீபியன் கடலில் மான்ட்செராட் என்று ஒரு சிறு தீவு. 1995-இல் அங்கே எரிமலை விழித்தது. இரண்டே ஆண்டில் தலைநகரம் பிளிமத் சாம்பலில் புதைந்தது. தீவுக்காரர்களில் கொஞ்சம் பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். அமெரிக்காவில் 1990-இல் இயற்றிய குடியேற்றச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: பூகம்பமோ வெள்ளமோ நோயோ யுத்தமோ தாக்கிய நாட்டவர்களைத் திருப்பி அனுப்பாமல், ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம்வரை தவணை தவணையாக இருக்கவிடலாம், வேலை செய்யவும் அனுமதிக்கலாம். தற்காலிகப் பாதுகாப்பு என்று பெயர். துரத்தியவன் யார் என்று கேட்காத சட்டம் என்ற அளவில் இது ஒரு முன்னேற்றம். மான்ட்செராட்டுக்காரர்களுக்கு இது 1997-இல் கிடைத்தது. 2005-இல் ரத்தாயிற்று. காரணம் என்ன? எரிமலை அடங்கிவிட்டதா? அடங்கவில்லை. இனியும் பல ஆண்டுகள் அடங்காது என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அடங்காது என்றால் ஆபத்து தற்காலிகமானது அல்ல. தற்காலிகமல்லாத ஆபத்துக்குத் தற்காலிகப் பாதுகாப்பு பொருந்தாது. ஆகவே கிளம்புங்கள்.

காஃப்கா எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று நாமே சொல்லியிருப்போம். ஆனால் அந்த உத்தரவில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. தற்காலிகம் என்ற சொல்லின்மீது கட்டப்பட்ட கருணை, கஷ்டம் நீடிக்கும் என்று தெரிந்தவுடன் முறிந்துவிடுகிறது. கொஞ்ச நாளில் போய்விடுவான் என்பதே அவனை உள்ளே விட்டதற்கு நிபந்தனையாக இருந்திருக்கிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1998-இல் மிட்ச் சூறாவளி அடித்த ஹோண்டுராஸ், நிகராகுவா மக்களுக்கு இதே தவணை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. சூறாவளியின்போது இருபது வயதாக இருந்தவன் நாற்பத்தைந்தைத் தாண்டினான். அங்கே பிறந்த பிள்ளைகள் அந்நாட்டுப் பிரஜைகளாக வளர்ந்து ஆளானார்கள். அவன் மட்டும் தவணையில் இருந்தான். 2025-இல், புயலின் பாதிப்பு நீங்கிவிட்டது, இனி நீட்டிப்பு இல்லை என்று அமெரிக்க அரசு அறிவித்தது. விஷயம் நீதிமன்றங்களுக்குப் போயிற்று. எரிமலை ஓயாததால் ஒருவன் போக வேண்டும். புயல் ஓய்ந்ததால் மற்றவன் போக வேண்டும். இரண்டு உத்தரவிலும் வானத்தைப் பற்றியும் பூமியைப் பற்றியும் பேச்சு இருக்கிறது. நடுவில் அந்த மனிதன் வாழ்ந்த வருஷங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

4

வங்கியில் வேலை செய்கிறவர்களுக்குச் சஸ்பென்ஸ் கணக்கு என்றால் தெரியும். ஒரு தொகை வந்துவிட்டது, ஆனால் எந்தத் தலைப்பில் பதிவது என்று புரியவில்லை என்றால், அதை அப்போதைக்கு அங்கே போட்டுவைப்பார்கள். அதில் ஒரு பதிவு நாள்பட்டுக் கிடந்தால் தணிக்கைக்காரர் விடமாட்டார். ஏன் கிடக்கிறது, யாருடையது, என்றைக்கு எடுப்பீர்கள் என்று எழுத்தில் பதில் கேட்பார். பணம் அந்தரத்தில் கிடக்கக் கூடாது என்பதில் நம் ஸ்தாபனங்களுக்கு அவ்வளவு அக்கறை. கடல் தாண்டிய அந்தத் தம்பியின் வம்சம் நூற்றைம்பது ஆண்டு இப்படித்தான் கிடந்தது. கேட்கத் தணிக்கைக்காரர் இல்லை.

தோட்டத் தமிழனை இலங்கையில் எல்லோரும் தற்காலிகமானவனாகவே வைத்திருக்க விரும்பினார்கள். துரைக்கு அது சௌகரியம். வேலை குறைந்தால் ஊருக்கு அனுப்பலாம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற 'துண்டு' என்ற கடன் சீட்டு வேண்டும். 1921-இல்தான் அந்த முறை ஒழிந்தது. பிறகு வாக்குரிமை பற்றிப் பேச்சு வந்தபோது அதே தற்காலிகம் குற்றச்சாட்டாக மாறியது. டொனமூர் குழுவின் சிபாரிசுப்படி 1931-இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. ஆனால் இந்தியத் தொழிலாளிக்கு இந்த மண்ணில் நிலையான பற்று உண்டா என்ற கேள்வியும் கூடவே வந்தது. அறுபது ஆண்டு லயத்தில் குடியிருக்கவைத்து, ஒரு முழம் நிலமும் சொந்தமாகச் சேராமல் பார்த்துக்கொண்டு, பிறகு உனக்கு மண்மீது பற்று உண்டா என்று கேட்டார்கள்.

சுதந்திரம் வந்தவுடன் 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949-இல் ஒரு சலுகைச் சட்டம் வந்தது: மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இலங்கையில் இடையறாமல் வசித்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமை. எட்டு லட்சம் பேருக்கு மேல் இதன்கீழ் விண்ணப்பத்தில் சேர்ந்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. வசித்த வருஷங்களைத் தோட்டத்துச் செக்ரோல் அறியும். ஆனால் செக்ரோல் துரையின் அலமாரியில் இருந்தது. வருஷங்கள் அவனுடையவை, காகிதம் வேறொருவனுடையது.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த லயத்துக்காரனையும் கேட்டு இந்த எண்கள் வரவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. உயிர் தப்பியவர்கள் ராமேஸ்வரத்துக்கும் அதற்கு மேற்கேயும் வந்து குடியேறினார்கள். அவர்களுக்கு நிவாரணம் போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் ராமேஸ்வரத்தில் இருக்க உனக்கு என்ன உரிமை என்று யாரும் கேட்கவில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் எவ்வளவு தூரம்? சற்றேறக்குறைய அதே தூரத்தை எதிர்த் திசையில் கடந்தவனுக்குத்தான் சட்டம், எண், தவணை எல்லாம்.

புயலுக்குப் பிறகு கப்பல் தனுஷ்கோடிக்குப் பதில் ராமேஸ்வரத்துக்கு வந்தது. அதில் 'தாயகம் திரும்பியோர்' வந்திறங்கினார்கள். முன்னொரு காலத்தில் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை நோய் சோதிக்க நிறுத்திவைத்த அதே மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்திப் பெயர் எழுதினார்கள். அங்கிருந்து பலரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? நீலகிரிக்கு. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் காட்டைத் திருத்தி 1968-இல் அவர்களுக்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம்தான் பின்னால் டான்டீ ஆயிற்று. கொஞ்சம் பேர் கோவைப் பக்கத்து மில்களுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கடன் கொடுக்க 1969-இல் ரெப்கோ வங்கி என்று ஒன்று ஏற்பட்டது. அதன் பெயரில் உள்ள 'ரெ' திரும்பி வந்தவர்களைக் குறிக்கிறது என்பது இன்று அதில் நகை அடமானம் வைக்கும் பலருக்குத் தெரியாது. ஆக, தம்பியின் கொள்ளுப்பேரன் அண்ணனின் மலைக்கே வந்து சேர்ந்தான். அண்ணனின் கொள்ளுப்பேரன் அவனைச் சிலோன்காரன் என்று கூப்பிட்டான்.

அங்கும் கணக்கு முடியவில்லை. நஷ்டத்தில் ஓடிய டான்டீ, 2022-இல் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தருவது என்று முடிவாயிற்று. ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. ஐம்பது வருஷம் கொழுந்து பறித்தபின்னும் அந்த வீடு தற்காலிகம்.

1983-க்குப் பிறகு வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். ஒப்பந்தப்படி வந்தவன் தாயகம் திரும்பியவன். கலவரத்துக்குத் தப்பித் தோணியில் வந்தவன் அகதி. இருவரும் ஒரே தோட்டத்து ஒரே லயத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். இந்தியா 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடும் அல்ல. கோவைக்கு மேற்கே பூலுவபட்டியிலும், வடகிழக்கே பவானிசாகரிலும் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் தமிழக அரசு அவற்றை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமில் இருந்த தோட்டத் தொழிலாளர் வம்சத்தினர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அதை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்குத் தண்டனையிலிருந்து விலக்கு. நல்ல காரியம். ஆனால் அது தருவது தண்டிக்கப்படாமல் இருக்கும் சலுகை மட்டுமே.

5

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. கஷ்டமே உரிமைக்குப் போதும் என்றால் கஷ்டத்துக்கு முடிவேது? உலகத்தின் எல்லா வெள்ளத்துக்கும் ஒரு நாடு எப்படிப் பதில் சொல்லும்? கான்ட் 1795-இல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதியபோதே இந்த இடத்தில் கவனமாக நின்றார். அந்நியனுக்கு வந்து பார்க்கும் உரிமை உண்டு, தங்கிவிடும் உரிமை இல்லை என்றார். ஆனால் திருப்பி அனுப்புவதால் அவன் அழிந்துபோவான் என்றால் அனுப்பக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். வாசற்படிக்கு இந்த விதி போதும் என்றே நினைக்கிறேன். எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதில் ஒரு நாடு தன் சக்தியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியா 2024-இல் அமலுக்கு வந்த உடன்படிக்கையின்படி துவாலுத் தீவிலிருந்து ஆண்டுக்கு 280 பேருக்கு நிரந்தர வசிப்புரிமை தருகிறது. 280 என்பது சிறிய எண். அதற்கு ஈடாகத் துவாலுவின் பாதுகாப்பு ஒப்பந்தங்களில் தலையிடும் உரிமையையும் அது வாங்கிக்கொண்டது. ஆயினும் 'நிரந்தர' என்ற சொல்லை வாசலிலேயே சொல்லிவிட்டது. அந்த நேர்மையை மதிக்க வேண்டும்.

என் கேள்வி வாசற்படியைத் தாண்டியபின் வருவது. கான்ட் பார்க்காத ஒன்று இருக்கிறது: காலம். விருந்தாளி பத்து வருஷம் இருந்துவிட்டால் அவன் யார்? அவன் நட்ட செடி அங்கே மரமாகிவிட்டது. அவன் தாயை அங்கே புதைத்துவிட்டான். அவன் உழைப்பு அந்த நாட்டு வருமானத்தில் சேர்ந்துவிட்டது. இப்போது அவன் கேட்பது அன்றைய வெள்ளத்துக்கான நிவாரணத்தை அல்ல. வெள்ளத்தை அவனே மறந்திருக்கலாம்.

காலம் உரிமையை உண்டாக்கும், அழிக்கும் என்பது நம் சட்டத்துக்குப் புதிய செய்தியுமல்ல. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணக் கடனை மூன்று வருஷம் கேட்காமல் விட்டால் வங்கியே வழக்குப் போட முடியாது. பிறர் நிலத்தை ஒருவன் பகிரங்கமாகப் பன்னிரண்டு வருஷம் அனுபவித்து, உடையவன் சும்மா இருந்துவிட்டால், எதிரிடை அனுபவத்தால் நிலம் அவனுக்கே பாத்தியமாகிவிடும். அதிலும் ஒரு விசித்திரம்: அனுமதி பெற்றுக் குடியிருப்பவனுக்கு இந்தப் பாத்தியம் கிடையாது. அத்துமீறி நுழைந்தவனுக்குத்தான் கிடைக்கும். கேட்டு வந்தவன் எத்தனை ஆண்டு இருந்தாலும் கேட்டு வந்தவனே. பஞ்சத்துக்கும் எரிமலைக்கும் தப்பி வந்து, பெயர் பதிந்து, தவணைதோறும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டவன் நிலைமை இதுதான். அவன் பணிவே அவனுக்கு எதிரான சாட்சி.

தற்காலிகம் என்ற சொல் இருவரையும் கட்ட வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. வந்தவனுக்கு இத்தனை நாள் என்று தவணை வைத்தால், வைத்தவனுக்கும் ஒரு தவணை இருக்க வேண்டும்: இத்தனை வருஷத்துக்குள் முடிவு சொல், சொல்லாவிட்டால் இவன் உன்னவன். எத்தனை வருஷம் என்பதில் சர்ச்சை செய்யலாம். ஐந்தா, பன்னிரண்டா? 2019 திருத்தச் சட்டமே தான் தேர்ந்துகொண்டவர்களுக்குப் பதினொன்றை ஐந்தாகக் குறைத்திருக்கிறது. ஆகவே வருஷக் கணக்கு அரசுக்குப் புரியாத பாஷை அல்ல. நிரூபிக்கும் சுமை மட்டும் செக்ரோலைக் கையில் வைத்திருக்கிறவன்மீது விழ வேண்டும்.

இதனால் அரசுகள் முதல் நாளே கதவைச் சாத்திவிடும் என்று பயப்படலாம். பயம் நியாயமானதுதான். ஆனால் இன்று கதவு திறந்திருப்பதற்குக் கொடுக்கும் விலை, உள்ளே வந்தவன் என்றைக்கும் திண்ணையிலேயே இருக்க வேண்டும் என்பது. அந்த விலையை நாம் கொடுப்பதில்லை. அவனும் அவன் பிள்ளைகளும் கொடுக்கிறார்கள். பிறர் கொடுக்கும் விலையில் நம்மைத் தாராள மனசுக்காரர்களாக நினைத்துக்கொள்வது தார்மீகமாகச் சரியில்லை.

6

நம் இலக்கியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் தமிழ்க் கூலிப் பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிப் பார்த்தார். மலையகத்திலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை எழுதினார், 1947 தேர்தலில் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தக் கவிஞரின் மக்களே அடுத்த ஆண்டு நாடற்றவர்கள் ஆனார்கள். இப்படிச் சில பெயர்களைச் சொல்ல முடிகிறது. ஆனால் புதுக்கவிதையில் வறட்சி வந்தால் அது பெரும்பாலும் மனசின் வறட்சி. வெள்ளம் வந்தால் அது காலவெள்ளம். படிமமாக மாறிய மறுகணமே பஞ்சத்துக்குத் தேதியும் ஜில்லாவும் போய்விடுகின்றன. யார் முதலில் கிளம்பினான், எந்த வழியாகப் போனான், போன இடத்தில் அவனை என்ன பெயரால் எழுதிக்கொண்டார்கள் என்பதெல்லாம் கவிதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இயற்கை என்ற சொல்லுக்குப் பின்னால் அரசாங்கங்கள் மறைந்துகொள்வதைக் கண்டிக்கிற நாம், அதே சொல்லைக் கேள்வி கேட்காமல் கையாள்கிறோம். கும்மி கட்டியவன் இந்தக் காரியத்தைச் செய்யவில்லை. அவனுக்கு அது தாது வருஷம், இன்ன ஊர்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியது. மலையகத்தில் சரிவுகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 2014 அக்டோபரிலும் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் ஒரு லயமே மண்ணில் புதைந்தது. மண் சரியும் இடம் என்று தெரிந்தும் அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்று பத்திரிகைகளில் கேட்டார்கள். 1870-களில் ஒரு பஞ்சம் அவர்கள் முன்னோரை அந்தச் சரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2003-இல் இலங்கைச் சட்டம் எஞ்சியிருந்தவர்களையும் பிரஜைகள் ஆக்கிவிட்டது. ஆனால் லயம் இன்னும் தோட்டத்துக்குச் சொந்தம். மாறிப்போய் வீடு கட்ட அவர்களில் மிகப் பலருக்குச் சமதரையில் சொந்த நிலம் இல்லை. இவர்களைத் துரத்தியவன் பெயர் என்ன என்று இப்போதும் கேட்கலாம். புயலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லிவிடலாம். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை கேட்டவன்மீது வந்து விழும். அந்தக் கேள்வியை எந்த அரசும் இதுவரை அவர்களிடம் நேராகக் கேட்கவில்லை.